ஏழாவது நிமிஷம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை என் மனைவி விஜயா சொன்னால் குற்றச்சாட்டு, மெல்பர்ன் தமிழர்கள் சொன்னால் பாராட்டு. பதினான்கு வருஷமாக எங்கள் சங்கத்துப் பட்டிமன்றங்களுக்கு நான்தான் நடுவர். பார்த்தசாரதி என்ற பெயரை எல்லோரும் மறந்துபோய் ‘நடுவர் சார்’ என்றே கூப்பிடுகிறார்கள். மல்கிரேவில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் திட்டங்களை மேய்க்கிற வேலை எனக்கு. அங்கே நான் பேச ஆரம்பித்தால் ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மேடையில் பேசினால் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காக நான் எதையும் செய்வேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

என்னிடம் ஒரு மணி உண்டு. ஓட்டல் வரவேற்பு மேசையில் வைத்திருப்பார்களே, தலையில் தட்டினால் ‘டிங்’ என்று கேட்குமே, அந்த மாதிரி. ஸ்பிரிங்வேலில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கியது. பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிஷம். ஆறாவது நிமிஷம் ஒரு தட்டு, எச்சரிக்கை. ஏழாவது நிமிஷம் இரண்டு தட்டு, அதோடு சரி. போன வருஷம் சங்கத் தலைவரையே பாதி வாக்கியத்தில் நிறுத்தினேன். ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே யானை பேசிக்கொண்டே இருந்ததால் மணியோசை பின்னால் வந்தது’ என்றேன். தலைவர் கொஞ்சம் குண்டு. அரங்கம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு என் பேச்சைவிட என் மணிக்குத்தான் ரசிகர்கள் அதிகம்.

பொங்கல் விழாவை மாசியில் கொண்டாடுவது எங்கள் சங்கத்து வழக்கம். மண்டபம் என்றைக்குக் கிடைக்கிறதோ அன்றைக்குத்தான் பண்டிகை. இந்த வருஷம் கவுன்சில் மண்டபத்தைச் சும்மாவே தருகிறேன் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை: நிகழ்ச்சியில் ஒரு பகுதி சமூகப் பாதுகாப்பு பற்றி இருக்க வேண்டும். செயலாளர் பார்கவி யோசித்தாள். தொலைக்காட்சியைத் திறந்தால் துப்பாக்கிச் சட்டம் பற்றியே பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. வழக்கமாக மாமியாரா மருமகளா என்று அடித்துக்கொள்கிற எங்களுக்கு அவள் ஒரு தலைப்பைக் கொண்டு வந்தாள்: ‘துப்பாக்கி வன்முறைக்குப் பெரிதும் காரணம் நகரத்துப் பகையா, நாட்டுப்புறத் தனிமையா?’

எனக்குப் பிடிக்கவில்லை. இதில் எங்கே சிரிப்பு வரும் என்று கேட்டேன். சிரிக்காமல் ஒரு நாள் இருந்தால் செத்துவிட மாட்டோம் சார் என்றாள் பார்கவி. சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சிரிப்பில்லாத இடத்தில் சிரிப்பை வரவழைப்பதுதானே என் தொழில்.

நகரத்தின் பக்கம் ஹம்சாவும் நரேனும். நாட்டுப்புறத்தின் பக்கம் பார்கவியும் அருந்தவனும். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அருந்தவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அவன் இடத்துக்கு ஆள் வேண்டும். எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் டாக்டர் தேவராஜா.

தேவராஜா யாழ்ப்பாணத்துக்காரர். அறுபத்தைந்து வயது. இங்கே வந்த புதிதில் பதினொரு வருஷம், மெல்பர்னிலிருந்து ஐந்து மணி நேர ஓட்டத்தில் இருக்கிற ஒரு கோதுமை ஊரில் தனி ஆளாக வைத்தியம் பார்த்தவர். சனிக்கிழமை காலைகளில் நாங்கள் இருவரும் பூங்காவில் ஏரியைச் சுற்றி நடப்போம். நான் பேசுவேன், அவர் கேட்பார். அதனால்தான் அந்த நட்பு இத்தனை வருஷம் நிலைத்தது என்பாள் விஜயா. மேடைக்கு வாருங்கள் என்று முன்பு பலமுறை கூப்பிட்டிருக்கிறேன். சிரித்துவிட்டு நடையை எட்டிப் போடுவார்.

இந்த முறை தலைப்பைச் சொன்னதும் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் வாத்துகளைப் பார்த்தார். பிறகு, சாப்பாட்டுக்கு மரக்கறி இந்த முறையும் கணேசலிங்கம்தான் கொண்டு வருகிறாரா என்று கேட்டார். ஆமாம், அவர் இல்லாமல் நம் சாம்பார் ஏது என்றேன். நிகழ்ச்சிக்கும் இருப்பாரா என்றார். முன் வரிசையிலேயே உட்கார வைத்துவிடலாம் என்றேன். சம்பந்தமில்லாமல் கேட்கிறாரே என்று எனக்குத் தோன்றவில்லை. ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

“ஓம், வாறன்” என்றார். “ஆனா எனக்கு ஒரு பத்து நிமிஷம் வேணும் சாரதி. நான் மெதுவாக் கதைக்கிற ஆள். ஏழு காணாது.”

“டாக்டர், உங்களுக்குப் பத்து குடுத்தா மத்தவங்க என்னை மேடையிலேயே சுட்டுடுவாங்க. தலைப்புக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. மறுபடி கேட்டுப் பார்க்கவும் இல்லை அவர். கேட்டிருந்தால் மட்டும் நான் கொடுத்திருப்பேனா? மாட்டேன். ஏழு நிமிஷம் என்பது என் பெயர், என் கெத்து.

கணேசலிங்கம் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் அகதியாக வந்தவர். டாண்டினாங்கில் ஒரு தொழிற்சாலையில் கால் நூற்றாண்டு நின்றபடியே வேலை பார்த்தார். கால் வலிக்க ஆரம்பித்ததும் கிரான்பர்னுக்கு அப்பால் கொஞ்சம் நிலம் வாங்கி, அவரும் அவர் மனைவி சத்தியபாமாவும் தோட்டம் போட்டார்கள். கத்தரி, பயற்றங்காய், கீரை, பச்சை மிளகாய். முயல்கள் நாற்றைத் தின்று தீர்த்தன. முறைப்படி உரிமம் எடுத்து ஒரு துப்பாக்கி வாங்கினார். அவர்கள் பேச்சில் அது துவக்கு. “துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனான், இப்ப முயலுக்குத் துவக்கு வாங்கி வச்சிருக்கிறன்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன் சத்தியபாமா போய்விட்டார். ஒரே மகள் மிருணாளினி சிட்னியில், பிளாக்டவுனில் இருக்கிறாள். அதற்குப் பிறகு அண்ணன் கோயிலுக்கு வருவது நின்றது. காய்கறி வருவது மட்டும் நிற்கவில்லை.

விழா அன்று காலை அவருடைய வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்க நானும் கை கொடுத்தேன். வழக்கத்தைவிட இரண்டு பங்கு இருந்தது. என்ன அண்ணா, கடையே வைக்கலாம் போலிருக்கிறதே என்றேன்.

“எல்லாத்தையும் ஆய்ஞ்சுட்டன் தம்பி” என்றார். “வாற முறை தோட்டம் போடேல்லை.”

முதுகு வலியாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மேடையில் மைக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது, ஓடிவிட்டேன்.

பட்டிமன்றம் பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. இருநூறு பேர் இருக்கும். முதலில் ஹம்சா பேசினாள். அவசரப் பிரிவில் நர்ஸ். அவள் பேசியதில் கற்பனை ஒன்றும் இல்லை. போதை மருந்து வியாபாரத்தில் இருக்கிற இரண்டு கும்பல்களுக்குப் பகை, ஒரு கும்பல் ஒரு வீட்டை நோக்கிச் சுடுகிறது, அது தவறான வீடு, ஜன்னல் ஓரமாகப் படுத்திருந்த ஒரு பாட்டியின் தோளில் குண்டு. இது நகரத்தில்தானே நடக்கும், கிராமத்தில் எந்த வீடு யாருடையது என்று நாய்க்குக்கூடத் தெரியுமே என்றாள். நல்ல கைதட்டல்.

பார்கவி எழுந்து, துப்பாக்கிகள் முக்கால்வாசி எங்கே இருக்கின்றன, நாட்டுப்புறத்து அலமாரிகளில்தானே என்றாள். மழை பொய்த்த வருஷம், அடுத்த வீடு எட்டு கிலோமீட்டர், குடித்துவிட்டு வருகிற கணவன், போலீஸ் வந்து சேர ஒரு மணி நேரம். அங்கே ஒரு பெண் யாரைக் கூப்பிடுவாள் என்று கேட்டாள். நரேன் அதற்கு மறுப்பாக, பண்ணைகளில் திருடு போகிற துப்பாக்கிகள் எந்த ஊருக்குப் போகின்றன, நகரத்துக்குத்தானே, கேட்கிறவன் இருப்பதால்தானே திருடுகிறவன் இருக்கிறான் என்றான். உண்மையில் எல்லோருமே நன்றாகப் பேசினார்கள். அவ்வப்போது நான் நடுவில் நுழைந்து ஒரு சிரிப்பு வெடியை வைத்தேன்.

கடைசியாக டாக்டர். அப்போது மணி பன்னிரண்டேகால். பின்னாலிருந்து கத்தரிக்காய்க் குழம்பின் வாசனை வர ஆரம்பித்திருந்தது. பிள்ளைகள் நாற்காலிகளுக்கு நடுவே ஓடினார்கள். டாக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சபைக்கு வணக்கம்கூடச் சொல்லாமல், அந்தக் கோதுமை ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஒரே ஒரு தெரு, ஒரு தபால் கந்தோர், நடுவில் தானியக் களஞ்சியம். இரண்டு நிமிஷம் அதிலேயே போயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு ஒரு விவசாயி தோள் வலி என்று தன்னிடம் வந்த காலையைச் சொன்னார். இரத்த அழுத்தம் பார்த்தது, மாத்திரை எழுதியது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நல்ல நிகழ்ச்சியை இந்த மனுஷன் ஆஸ்பத்திரி ஆக்குகிறாரே என்று.

ஆறாவது நிமிஷம் ஒரு தட்டு தட்டினேன். அவர் என் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு வேகமாகப் பேச முயன்றார். அவருக்கு அது வரவில்லை.

“போகேக்கை கதவிலை கை வச்சுக்கொண்டு நிண்டவர். ‘நித்திரை வருகுதில்லை டொக்டர்’ எண்டவர். வெளியிலை பதினெட்டுப் பேர் இருக்கினம். அடுத்த கிழமை வாங்கோ எண்டு சொன்னனான். அவரின்ரை வீட்டிலை மூண்டு துவக்கு இருக்கெண்டு எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை. அடுத்த கிழமை அவர் இல்லை.”

மண்டபத்தில் சத்தம் குறைந்தது. அது எனக்கும் தெரிந்தது. ஆனால் என் கண் கடிகாரத்தில் இருந்தது. ஆறரை நிமிஷம்.

“இந்த நாட்டிலை துவக்காலை சாகிற ஆக்களிலை கனபேர் மற்றவன் சுட்டுச் சாகிறேல்லை. தனிய இருந்து சாகினம். நான் இதை வெல்லுறதுக்காகச் சொல்லேல்லை. இஞ்சை இருக்கிற ஆக்களிலை ஆரின்ரையாவது வீட்டிலை ஒரு துவக்கு இருந்தா, எனக்கு ஒரேயொரு வேண்டுகோள்...”

டிங் டிங்.

அவர் வாய் திறந்தபடி நின்றது. சபை என்னைப் பார்த்தது. இருநூறு முகங்கள் என்னைப் பார்த்தால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஒரு நொடியில் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது.

“டாக்டர், வேண்டுகோளை எல்லாருக்கும் ஏன் வைக்கிறீங்க? இந்த மண்டபத்துல துப்பாக்கி இருக்கிற ஒரே ஆள் நம்ம கணேசலிங்கம் அண்ணன்தான். இதுவரைக்கும் அதுக்குப் பயந்தது முயல் இல்ல, சங்கத்துச் செயற்குழு. அதனாலதான் எட்டு வருஷமா அவர் கொண்டு வர்ற கத்தரிக்காயை யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல.”

மண்டபம் குலுங்கியது. முன் வரிசையில் இருந்த கணேசலிங்கம் அண்ணனும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பார்கவி அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள்.

தீர்ப்பு சொன்னேன். துப்பாக்கி வன்முறைக்குப் பெரிதும் காரணம் நகரத்துப் பகையே. ஹம்சாவின் பாட்டி கதை எல்லோர் மனதிலும் பசுமையாக இருந்தது, கைதட்டலும் அந்தப் பக்கம்தான். தனிமை வருத்தத்துக்குரியதுதான், ஆனால் தன்னைத்தானே வருத்திக்கொள்வது வன்முறைக் கணக்கில் வராது என்று ஒரு வாக்கியமும் சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு வாகன நிறுத்தத்தில் டாக்டரைப் பிடித்தேன். அருமையாகப் பேசினீர்கள், இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்றேன். “போட்டு வாறன்” என்று மட்டும் சொல்லிக் காரில் ஏறினார். அடுத்த சனிக்கிழமை நடக்க வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மேடையில் தோற்ற கோபம் என்று நினைத்தேன். டாக்டருக்குக்கூட இவ்வளவு சின்னப் புத்தியா என்று விஜயாவிடம் சொல்லவும் சொன்னேன்.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் இருக்கும்போது சங்கத்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. கிரான்பர்ன் திரு. கணேசலிங்கம் அவர்கள் தம் இல்லத்தில் திடீரென இயற்கை எய்தினார். இயற்கை என்று எழுதுவதுதான் நம் வழக்கம். அடுத்த பத்து நிமிஷத்தில் ஆளாளுக்குத் தனித்தனியாகத் தொலைபேசியில் உண்மையைப் பேசினார்கள். பக்கத்து நிலத்து வெள்ளைக்காரர், நாய் விடாமல் குரைக்கிறதே என்று போய்ப் பார்த்து, போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ‘வாற முறை தோட்டம் போடேல்லை.’ அவர் எனக்குத்தானே சொன்னார். என் கையில் பெட்டியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

இறுதிச் சடங்கில் டாக்டர் என்னோடு பேசவில்லை. பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் ஏரிக்கரைக்குப் போனபோது அவர் எங்கள் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

அவரே பேசினார். கணேசலிங்கம் அவரிடம் வைத்தியத்துக்கு வருகிறவர் இல்லையாம், எந்த வைத்தியரிடமும் போகிறவர் இல்லையாம். ஆறு மாசத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோது சத்தியபாமாவின் தையல் மெஷினை யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னாராம். நாயை யார் எடுப்பார்கள் என்று விசாரித்தாராம். நித்திரை எப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, நித்திரைக்கு என்ன அவசரம் என்றாராம். கோதுமை ஊர்க்காரர் கதவில் கை வைத்துக்கொண்டு நின்ற முகம்தான் தனக்கு ஞாபகம் வந்தது என்றார்.

“அண்டைக்கு நான் மேடைக்கு வந்தது கணேசுக்காகத்தான்” என்றார்.

மன்னித்துவிடுங்கள் டாக்டர் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் தலையை ஆட்டினார்.

“உம்மிலை கோவம் இருந்தது. இப்ப இல்லை. நீர் ஏழு நிமிஷத்திலைதான் மணி அடிச்சனீர். எனக்கு ஆறு மாசம் இருந்தது. இஞ்சையிருந்து அரை மணித்தியால ஓட்டம். அவன்ரை குசினியிலை ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ‘கணேஸ், துவக்கைக் கொஞ்ச நாளைக்கு வாங்கின கடையிலை குடுத்து வைப்பம், நானும் கூட வாறன்’ எண்டு கேட்டிருக்கலாம். நேரை கேக்க வெக்கமா இருந்தது. நான் ஆர் கேக்க எண்டும் இருந்தது. இருநூறு பேருக்குச் சொல்லுற மாதிரி அவனுக்குச் சொல்லப் பாத்தனான்.”

அதுதான் நாங்கள். ஒருவனிடம் தனியாகச் சொல்ல வேண்டியதைச் சபைக்குச் சொல்வோம். மகனிடம் சொல்ல வேண்டியதை ஆண்டு விழா உரையில் சொல்வோம், மனைவியிடம் சொல்ல வேண்டியதை அறுபதாம் கல்யாண மேடையில் மைக் பிடித்துச் சொல்வோம். ஊருக்கே கேட்கும், உரியவனுக்குக் கேட்காது. டாக்டர் வாழ்நாளில் ஒரு முறை அந்தத் தவறைச் செய்தார். நான் அதை வைத்துப் பதினான்கு வருஷம் பெயர் வாங்கினேன்.

சொல்லியிருந்தால் அண்ணன் கேட்டிருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். கேட்டிருப்பார் என்றால் தாங்க முடியாது, கேட்டிருக்க மாட்டார் என்றால் அதுவும் தாங்க முடியாது என்றார். அதற்குப் பிறகு இருவரும் ஏரியைச் சுற்றி ஒரு நடை நடந்தோம்.

இரண்டு வாரம் கழித்து மிருணாளினி சிட்னியிலிருந்து அழைத்தாள். முப்பது வயது, வங்கியில் வேலை. இறுதிச் சடங்கின்போது அழாமல் எல்லோருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தவள். பொங்கல் விழா வீடியோ இருக்கிறதா என்று கேட்டாள்.

“அப்பா அதில சிரிக்கிறாராம், பார்கவி அன்ரி சொன்னவ. உங்கட ஜோக்குக்காம். அம்மா போனதுக்குப் பிறகு அப்பா சிரிச்சு நான் பாக்கேல்ல, அங்கிள். தாங்ஸ். ஐ மீன் இட்.”

 அனுப்புகிறேன் அம்மா என்று வைத்துவிட்டேன்.

வீடியோ எடுத்த பிரஷாந்தன் முழுப் பதிவையும் அனுப்பி வைத்தான். மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். டாக்டர் பேசுகிறார், மணி அடிக்கிறது, நான் பேசுகிறேன், கேமரா சபைக்குத் திரும்புகிறது. அண்ணன் சிரிக்கிறார். மூன்று தடவை பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என் முகத்தையும் பார்த்தேன். எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறேன்!

அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி அனுப்பச் சொல்லலாம் என்று தோன்றியது. பதினைந்து விநாடி போதும். டாக்டரும் வேண்டாம், மணியும் வேண்டாம், பெண் சந்தோஷப்படட்டும். பிரஷாந்தனுக்குச் சொல்ல போனை எடுத்தேன். விஜயா எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

“அந்த மனுஷனை இன்னும் எத்தனை தடவை பாதியில நிறுத்துவீங்க?” என்றாள்.

முழுவதையும் அனுப்பினேன். இரண்டு நாள் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் மாலை, நான் அலுவலகத்திலிருந்து வந்து வண்டியை வாசலில் நிறுத்தும்போது மிருணாளினி அழைத்தாள். இறங்காமல் பேசினேன். எடுத்ததும் நன்றி சொன்னாள். பலமுறை பார்த்தாளாம், நிறுத்தி நிறுத்திப் பார்த்தாளாம்.

“அங்கிள், நீங்க ஜோக் சொன்னாப் பிறகு எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிக்கினம். அப்பாவும் முதல்ல சிரிக்கிறார். பிறகு அவர் உங்களைப் பாக்கேல்ல. டொக்டர் அங்கிளைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறார். கேமரா திரும்பும் மட்டும் அங்கதான் பாக்கிறார். ஹி வாஸ் வெயிட்டிங்.”

நான் மூன்று தடவை பார்த்தவன். எனக்கு இது தெரியவில்லை.

“டொக்டர் அங்கிள் ஏதோ ஒரு வேண்டுகோள் எண்டு சொல்லுறார். மிச்சம் எங்க? அடுத்த பார்ட் இருக்கா?”

“மிச்சம் இல்லம்மா” என்றேன். “நான் மணி அடிச்சுட்டேன்.”

 பிளாக்டவுனில் ஒரு ரயில் போகிற சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அவர் என்ன சொல்ல வந்தவர் என்று உங்களுக்குத் தெரியுமா அங்கிள் என்று மட்டும் கேட்டாள்.

தெரியும் என்றேன். டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் சொன்னதை, எதையும் கூட்டாமல், அலங்காரம் செய்யாமல், அப்படியே அவளுக்குச் சொன்னேன். வீட்டில் துவக்கு இருந்தால், மனசு சரியில்லாத காலத்தில், கொஞ்ச நாளைக்கு அதைக் கடையில் கொடுத்து வையுங்கள். நானும் கூட வருகிறேன்.

பழக்க தோஷம், சொல்லி முடித்ததும் என் கண் வண்டியின் கடிகாரத்துக்குப் போயிற்று. அரை நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.